ஏஜெண்டுக்குக் குறிப்பு எழுதினேன்

யாருமே படிக்காத குறிப்புகளைப் பதினாறு வருடம் எழுதியவனுக்கு, ஒரு எழுத்து விடாமல் படிக்கும் வாசகர் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இந்தத் தொழிலுக்கு வந்தால்தான் தெரியும்.

அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுப்போம். நேரம் குறிப்பது, மாற்றுவது, ரிப்போர்ட் அனுப்புவது என்று எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டூல் உண்டு. முன்பு அவற்றை ஊழியர்கள் இயக்கினார்கள். இப்போது வாடிக்கையாளர்களோடு மெசேஜில் பேசும் ஏஐ ஏஜெண்ட் இயக்குகிறது. எந்த டூல் எதற்கு, எப்போது எடுக்கலாம், எப்போது தொடக்கூடாது என்று அதற்கு எழுதித் தருவதுதான் என் வேலை. நான் எழுதியது மட்டும்தான் அதற்குத் தெரியும். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளே, மேலே படியுங்கள்.

அடுத்த காலி நேரம்

‘நேரத்தை மாற்று’ என்ற டூலுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: ‘குறித்த நேரத்தில் போக முடியாவிட்டால், அடுத்த காலி நேரத்துக்கு மாற்றும்.’ எழுதி முடித்ததும் எவ்வளவு கச்சிதம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

கோட்டூர்புரத்தில் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சர்க்கரை நோயாளி. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும். போகவேண்டியவரின் பைக் பஞ்சர். ஏஜெண்ட் அடுத்த காலி நேரத்தைத் தேடி, பன்னிரண்டரைக்கு மாற்றி, பணிவாக ஒரு மெசேஜும் அனுப்பிவிட்டது. வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றால் மறுநாள் காலைக்குத்தான் மாற்ற வேண்டும் என்று எங்கள் ஊழியர் யாரைக் கேட்டாலும் சொல்வார். நான் எழுதவில்லை. மனிதர் பச்சைத் தண்ணீரோடு காத்திருந்து, பதினோரு மணிக்கு மயங்கி விழுந்தார். நெற்றியில் நாலு தையல்.

மன்னிப்புக் கேட்க நானே போனேன். கட்டோடு உட்கார்ந்திருந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “உங்க பைக் பஞ்சர் ஆனதுல தப்பே இல்ல சார். ‘நீங்க சாப்பிட்டுடுங்க, நாளைக்கு வர்றோம்’னு சொல்ல அங்க ஒருத்தருக்குமா தோணல?”

பதினாலு தடவை

ரிப்போர்ட் அனுப்பும் டூல் சில சமயம் ‘தோல்வி’ என்று மட்டும் பதில் சொல்லும். ரிப்போர்ட் உண்மையில் போய்ச் சேர்ந்திருக்கும்; போய்ச் சேர்ந்த தகவல்தான் திரும்பி வந்திருக்காது. எங்கள் ஊழியர்களுக்கு இது பழகிய சங்கதி, கண்டுகொள்ளமாட்டார்கள். ஏஜெண்டுக்கு யார் சொல்வது? தோல்வி என்றால் மறுபடி முயல்வதுதானே நல்ல பிள்ளைக்கு அழகு. முயன்றது.

மயிலாப்பூர் மாமி ஒருவருக்கு ‘உங்கள் ரிப்போர்ட் தயார், மருத்துவரை அணுகவும்’ என்று வரிசையாகப் பதினாலு மெசேஜ். விஷயம் வைட்டமின் டி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நான் போன் செய்தபோது பின்னணியில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. “ஒரு தடவை சொன்னாலே பயந்துண்டு டாக்டர்கிட்ட ஓடியிருப்பேனே! பதினாலு தடவை சொன்னா ஆத்துல எல்லாரும் என்னன்னு நினைச்சுப்பா?”

இடம்

‘ஆளை அனுப்பு’ டூலில் ‘இடம்’ என்று ஒரு கட்டம். ‘இடத்தின் பெயரைத் தரவும்’ என்று எழுதியிருந்தேன். பின்கோடு கேட்கவில்லை. வாடிக்கையாளர் அடையாறு காந்தி நகர். ஏஜெண்ட் ‘காந்தி நகர்’ என்று தந்தது. டூல் தன் பட்டியலில் முதலில் இருந்த காந்தி நகரைப் பிடித்துக்கொண்டது. ரத்தம் எடுக்கும் துரை சாந்தோமிலிருந்து கிளம்பி, ஊருக்கு மறுகோடியில், இல்லாத வீட்டு எண்ணை வெயிலில் தேடிவிட்டு, பையோடு நேராக என் மேஜைக்கு வந்தார். “இன்னா சார் நீ, ஊர்ல எத்தினி காந்தி நகர் கீதுன்னு தெரியாமயே எய்திக்கினு குந்திகினுகீற?”

வசந்தி கேட்ட குறிப்பு

இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

ஏஜெண்ட் வருவதற்கு முன்பு வாடிக்கையாளர் பிரிவில் வசந்தி இருந்தார். ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால், ஒன்றை நீக்க ஒரு டூல் உண்டு. “சார், அந்த நீக்குறதுக்கு ஒரு குறிப்பு எழுதிக் குடுங்களேன், பயமா இருக்கு” என்று இரண்டு தடவை கேட்டார். அடுத்த வாரம் என்றேன். இரண்டு தடவையும்.

ஒரு நாள் அவர் ஒரு பழைய பதிவை நீக்கினார். அதோடு ஒரு பெண்மணியின் ஆறு வருட தைராய்டு ரிப்போர்ட்டுகளும் போயின. அந்த டூல் அப்படித்தான் செய்யும் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் மகன் வந்து சத்தம் போட்டார். விசாரணையில் மேனேஜர் என்னைப் பார்த்து, “குறிப்பு ஏதாவது இருக்கா?” என்றார். “பயிற்சியிலேயே சொல்லியிருக்கோமே” என்றேன். யாரும் சொல்லியிருக்கவில்லை. வசந்தி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மாதக் கடைசியில் அவர் நாற்காலி காலி.

போன வருடம் அதே டூலுக்கு, ஏஜெண்டுக்காக, பத்தே நிமிடத்தில் எழுதினேன்: ‘பதிவோடு பழைய ரிப்போர்ட்டுகளும் அழியும். அழிந்தால் மீட்க முடியாது. நீக்கும் முன் கேட்டு உறுதி செய்யவும்.’ எல்லோரும் பாராட்டினார்கள். நான் வசந்தி இருந்த மேஜைப் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்த வசந்தியைப் பார்த்தேன். அவரே “நல்லா இருக்கீங்களா சார்?” என்றார். கூட்டம் குறையும்வரை நின்று, அன்று சொன்னது பொய் என்றும், அவர் கேட்ட குறிப்பை இப்போதுதான் ஏஜெண்டுக்காக எழுதினேன் என்றும் சொல்லிவிட்டேன். தனக்கு அப்போதே தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினார். எழுதியதைக் காட்டச் சொன்னார். செல்போனை நீட்டினேன். நிதானமாக இரண்டு முறை படித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா ‘கேட்டு’ன்னு போட்டிருக்கீங்களே, யாரைக் கேக்கணும்னு போடலையே? எனக்கும் அன்னிக்கு அதுதான் தெரியல.”

இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன்: எழுதியதற்காக யாரும் என்னை ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் எழுதாமல் விட்டதற்குத்தான்.