புக்கிட் புத்துஸ் இறக்கம்

மனைவி ஹஸ்மாவைப் புதைத்த நான்காம் நாளே ஃபட்சில் அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். மலேசியாவின் செனவாங்கில் எங்கள் தொழிற்சாலை அப்போது ஐந்து கதவு வைத்த சின்னக் கார் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. அவர் சோதனை ஓட்டுநர். நான் பக்கத்தில் உட்கார்ந்து அளவுகளைக் குறிக்கும் பொறியாளர்.

"இன்னும் ரெண்டு வாரம் வீட்டுல இருங்களேன், அண்ணே," என்றார் மேலாளர் ருஸ்டி.

"வீட்டுல என்ன இருக்கு? ஃபேன்தான் சுத்துது."

முன்பெல்லாம் ஃபட்சில் அண்ணனுக்கு வாய் ஓயாது. "நீ ஓட்டினா ஆமைகூட ஹாரன் அடிக்கும், சூ பின்," என்று என்னைச் சீண்டுவார். இப்போது நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார், பாதியிலேயே மடித்துவிடுவார்.

அந்த வாரம் பிரேக் சோதனை. பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புக்கிட் புத்துஸ் மலைச்சாலையில் நாற்பது தடவை இறங்க வேண்டும். பதினேழாவது இறக்கத்தில், முன்னே ரப்பர் மரம் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"பிரேக் பெடல் தரையத் தொடுது," என்றார், மணி என்ன என்று சொல்வதுபோல.

கியரைக் குறைத்தார். கைப்பிரேக்கை இழுத்து, இடப்பக்க மண்மேட்டில் காரை உரசவிட்டார். லாரிக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. நான் இறங்கி ஓடி வாந்தியெடுத்தேன்.

"எழுதிக்கோ. பதினேழாவது இறக்கம், மூணாவது வளைவு."

"சாகப் பாத்தோம், அண்ணே! கொஞ்சங்கூட பயமில்லையா உங்களுக்கு?"

தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "இல்லையே," என்றார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை, நானும் அங்கே இருக்கும்போதே, சாவியை ருஸ்டியின் மேசைமேல் வைத்தார். "என்னை வேற பிரிவுல போடுங்க."

"என்ன அண்ணே இது? நேத்து நீங்க இல்லன்னா சூ பின் உயிரோடயே இருந்திருக்க மாட்டா!"

"பதினஞ்சாவது இறக்கத்துலயே பெடல் மெத்துன்னு இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. ஒண்ணும் தோணல, போய்க்கிட்டே இருந்தேன். பக்கத்துல இந்தப் பொண்ணு உக்காந்திருந்தா."

ருஸ்டி என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிரேக் கட்டைகளை மாற்றினார்கள். வேறொருவர் நாற்பது இறக்கமும் இறங்கினார். பெடல் கெட்டியாக நின்றது. ஃபட்சில் அண்ணனுக்குத் தண்ணீர் அறையில் வேலை. காருக்குள் அவரை வைத்துக் கதவைச் சாத்தி, நாலாபுறமும் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். உள்ளே டார்ச் அடித்து ஒழுகல் தேடுவார். நாளுக்கு முப்பது கார்.

மறு வருஷம் மே மாதம் கார் வெளிவந்தது. அறிமுக விழாவுக்கு எல்லோருக்கும் புது பாத்திக் சட்டை. திரை விலகியதும் கூடமே கைதட்டியது. அவரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்தியதும் நிறுத்தினார்.

"எப்படியிருக்கு, அண்ணே, நம்ம கார்?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு தண்ணீர் அறைக்குப் போனார்.