மூணாவது வரிசையின் கட்டைவிரல்

வள்ளி கும்மி அரங்கேற்றத்துக்கு இன்னும் பதினெட்டே நாள். சேவூர் மைதானத்தில் இருநூறு பொம்பளைகள் ஒரே பச்சைச் சேலையில் ஆடப் போகிறார்கள். நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற சாரதாமணிக்கு நாற்பத்தாறு வயசில் முதல் அரங்கேற்றம். அந்த நினைப்பிலேயே கும்மிப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சரக்கு வண்டியின் கதவைச் சாத்தினாள் பாருங்க, வலது கட்டைவிரல் நுனி உள்ளே மாட்டிக்கொண்டது.

எலும்பு நுனி உடைந்திருக்கிறது என்றார் டாக்டர். தகடு வைத்துக் கட்டினார். மூணு வாரம் கழற்றக் கூடாது, நுனி எதிலும் இடிக்கக் கூடாது, வீக்கம் வடிய கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

கும்மி வாத்தியார் சுரேந்தர் போனில், இந்தத் தடவை உட்கார்ந்து பாருங்கக்கா, அடுத்ததில் சேர்ந்துக்கலாம் என்றுவிட்டார். அடுத்ததாவது, கிடுத்ததாவது. பச்சைச் சேலைக்கு ஜாக்கெட்கூடத் தைத்தாகிவிட்டதே.

ஊட்டில் அவளைச் சோறாக்க விடவில்லை புருஷன் கிட்டுசாமி. அவர் வைத்ததை ரசம் என்று சொன்னால் புளி கோபித்துக்கொள்ளும். சும்மா கிடக்க முடியாமல் வாசலில் நின்று கும்மி அடித்துப் பார்த்தாள். கட்டைவிரலை விறைப்பாக நிறுத்திக்கொண்டு உள்ளங்கையை மட்டும் தட்டினால் வலிக்கவில்லை. சத்தமும் கணீரென்று வந்தது. அம்மாவால் ஆட முடியும் என்று வாத்தியாருக்குத் தெரியட்டுமென, மகள் ஜனனி அதை வீடியோ எடுத்துக் கும்மி குரூப்பில் போட்டாள். எட்ட நின்று எடுத்ததில் விரல் கட்டே தெரியவில்லை. வாத்தியார் மட்டும் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

கடைசி ஒத்திகைக்குக் கூப்பிடாமலேயே போய் ஓரமாக நின்றாள். அவளும் அவள் கம்பெனிப் பொம்பளைகளும் நிற்கிற மூணாவது வரிசை ஆடத் தொடங்கியதும் வாத்தியார் பாட்டை நிறுத்திவிட்டார். பதினாறு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டே அடிக்கிறார்கள். ஓவர்டைம் என்று பயிற்சிக்கு வராதவர்களெல்லாம் அந்த வீடியோவைப் பார்த்தே பழகியிருந்தார்கள்.

"ஏனுங் வாத்தியாரே, இது நீங்க சொல்லிக்குடுத்த புது அடின்னு நெனச்சமுங்க" என்றாள் சுப்பாத்தாள்.

சாரதாமணி கட்டுப்போட்ட விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இனி ஓரமாக நிற்கக்கூட விடமாட்டார்.

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். விடிந்தால் அரங்கேற்றம். பதினாறு பேரை இனி எப்போது மாற்றுவது?

"அக்கா, கெடுத்தது நீங்க. நீங்களே முன்னால நின்னு கூட்டிட்டுப் போங்க. எல்லா விரலும் ஒண்ணுபோல நிக்கோணும், ஆமா."

மறுநாள் மூணாவது வரிசையில் பதினேழு கட்டைவிரல்கள் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்து நின்றன. பார்க்க வந்த சனமே எழுந்து நின்று அதேமாதிரி தட்ட ஆரம்பித்துவிட்டது. சாரதாமணி ஒரு பாட்டுக்குக்கூட உட்காரவில்லை.

மூணு நாள் கழித்துத் தகட்டைக் கழற்றிய டாக்டர், எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது, சொன்னபடி கையைத் தூக்கியே வைத்திருந்தீர்களா என்று கேட்டார்.

"தலைக்கு மேலயே வெச்சிருந்தனுங்க" என்றாள் சாரதாமணி.