லைனை வைக்காத ஒச்சாயி

கோச்சடையில் எங்கள் தெருவுக்கு வந்து ஒச்சாயி வீடு எது என்று யாரிடமும் கேட்க வேண்டாம். இடுப்பில் போனைச் செருகிக்கொண்டு யாரையாவது ஏசிக்கொண்டிருப்பவர்தான் ஒச்சாயி அத்தை. அது செல்போன் இல்லை. வீட்டு லேண்ட்லைனோடு வரும் வயரில்லாத போன். செங்கல் கனம். அதன் சிக்னல் தெருமுனை வேப்பமரம் வரைக்கும்தான் வரும். அத்தையின் ஆட்சியும் அதுவரைக்கும்தான். என்னைத் திட்ட ஆரம்பித்தால் மரத்தைத் தாண்டிப் போய் நின்றுகொள்வேன்.

லாரி ஓட்டிய மாமா திருமங்கலத்தில் இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போனபோது, அத்தை ஒரு தள்ளுவண்டி வாங்கி மெயின் ரோட்டில் பணியாரம் போட ஆரம்பித்தார். மாமா வைத்த போனை மட்டும் ஏன் விடவில்லை என்று ஒருமுறை வாயைக் கிண்டினேன். "கனெக்சன் அந்தாளு போட்டது. பில்லு நாங் கட்டுறது. நான் எதுக்கு விடணும்?" என்றார்.

இந்தக் கோடையில் குழாய் பதிக்க வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் தோண்டினார்கள். குழாய் போனது, ஆட்களும் போனார்கள், பள்ளம் மட்டும் தங்கிவிட்டது. பைக் என்றால் ஓரமாக நுழைந்துவிடும், தள்ளுவண்டி போகாது. வேறு வழியும் கிடையாது. வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது, அடுப்பும் அணைந்தே கிடந்தது.

மூன்றாவது வீட்டு அழகுபாண்டிக்குக் காண்டிராக்டரைத் தெரியுமாம். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டால் பேசிப்பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். "தோண்டுனவனுக்கு மூடத் தெரியாதா? நான் ஏன் இவன் வாசல்ல நிக்கணும்?" என்று அத்தை மாநகராட்சிப் புகார் நம்பருக்கே போட்டார்.

புகார் கொடுத்த நம்பருக்குத்தான் அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததா என்று கேட்பார்கள். முடியவில்லை என்று சொல்லாவிட்டால் புகாரை மூடிவிடுவார்கள். அவர்கள் கேட்டார்கள். அத்தை "இல்ல" என்று வாயைத் திறப்பதற்குள் போன் கீச்சென்று கத்திவிட்டுச் செத்தது. பள்ளம் திறந்திருக்க, புகார் மூடப்பட்டது.

பேட்டரி போய்விட்டது. அத்தை டிவி ரிமோட்டில் இருந்த பென்சில் செல் இரண்டையும் பிடுங்கிப் போட்டு, மறுபடி புகார் கொடுத்தார். நன்றாகத்தான் பேசியது. பிறகு போனை வழக்கம்போல் சார்ஜர் ஸ்டாண்டில் உட்கார வைத்தார். அடுத்த அழைப்பு வந்தபோது போனின் முதுகு கொதித்து, செல் கஞ்சி மாதிரி கக்கியிருந்தது. லைன் போச்சு, புகாரும் போச்சு. இதைச் சார்ஜ் ஏற்றக்கூடாது என்று செல்லிலேயே எழுதியிருப்பதைக் காட்டினேன். "இங்கிலீசுல எழுதிவச்சு எவனுக்குச் சொல்றான்?" என்று எனக்குத்தான் திட்டு.

டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடைப் பையன், இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, தூக்கிப்போட்டுப் புதுசு வாங்குங்கள் என்றான்.

"பல்லு ஆடுனா பல்லப் புடுங்குவியா, ஆளையே தூக்கிப் போடுவியா தம்பி?"

அவன் உள்ளே போய், சார்ஜ் ஏறும் செல் இரண்டு தேடி எடுத்து வந்தான். ஒருநாள் முழுக்க ஸ்டாண்டிலேயே இருக்கட்டும், நடுவில் எடுக்காதீர்கள் என்றான்.

அத்தை உப்புத்தாள் வைத்துப் போனுக்குள் பிடித்த துருவைத் தேய்த்துச் செல்லைப் போட்டார். பழைய புகார்கள் செத்துவிட்டதால் புதிதாக ஒன்று கொடுத்துவிட்டுத்தான் ஸ்டாண்டில் வைத்தார். அன்று போன் அடித்தபோதெல்லாம் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, போனில் தெரிந்த நம்பர் எல்லாம் சொந்தக்காரர்களுடையது.

அப்போதுதான் என் படிப்பறிவைக் காட்டினேன். நான் படித்தது பாதி பள்ளிக்கூடத்தில், மீதி ஹெல்ப்லைன்களுக்குப் போன் போட்டு. யானை எம்புட்டு எடை என்று கேட்டாலும் அவர்கள் போனை வைப்பதில்லை. வைக்கக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. நாம்தான் வைக்க வேண்டும்.

"நெசமாவாடி ரோகிணி? எம்புட்டு நேரம் இருப்பாக?"

"பேட்டரி இருக்குற வரைக்கும் அத்தே."

அத்தை ஸ்டாண்டில் இருந்த போனைப் புதுமாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மறுநாள் காலை அழைப்பு வந்தது. அத்தை பேசிக்கொண்டே நடந்து பள்ளத்துக்குள் இறங்கினார். உட்கார ஒரு ஸ்டூலை நான் இறக்கினேன். சரிம்மா, மூடவில்லை என்று பதிந்துகொள்கிறேன், வேறு உதவி வேண்டுமா என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"வேணும் தாயி. மூடுற வரைக்கும் லைன்ல இரு."

"அம்மா, மத்தவங்க கால் காத்திருக்குங்க. தயவுசெஞ்சு வைங்க."

"நீ வையி. ஒன்னய யாரு வேணாம்னா?"

"நான் வைக்கக்கூடாதும்மா."

"நானும் வைக்க மாட்டேன்."

பிறகு அவளுடைய மேலதிகாரி வந்து அதட்டினார். அத்தை அவரிடமும் அதையே சொன்னார். அவர் போய்விட, மறுபடி அந்தப் பெண். பெயர் ஜாய்ஸாம். காலையில் சாப்பிட்டாளா என்று விசாரித்த அத்தை, இல்லை என்றதும் மேலதிகாரியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி, புள்ளையைப் பட்டினி போட்டா வேலை வாங்குறீக என்று ஒரு பாட்டம் ஏசினார். தெருவே பள்ளத்தைச் சுற்றி நின்றது. அழகுபாண்டியும் வந்து, மேலே வா, நான் பேசுகிறேன் என்றார்.

"வெளிச்சத்த மறைக்காத. ஓரமா நில்லு."

வெயில் ஏறியதும் குடை கொண்டுபோய்ப் பிடித்தேன். பாசமெல்லாம் இல்லை. மயங்கி விழுந்தால் யார் தூக்குவது?

வேறு வழியில்லாமல் மேலதிகாரியே காண்டிராக்டரை விரட்டினாராம். மதியத்துக்கு மேல் டிப்பர் லாரி வந்தது, கிராவல் மண்ணோடு. அத்தை மேலே ஏறினார், போனை வைக்கவில்லை. மண்ணைக் கொட்டி, நிரவி, திமிசு போட்டு இறுக்கினார்கள்.

"மூடியாச்சாம்மா? க்ளோஸ் பண்ணிக்கவா?" ஜாய்ஸ் குரலில் கெஞ்சல் போய் ஆவல் வந்திருந்தது.

"இரு தாயி."

அத்தை போனை இடுப்பில் செருகிவிட்டு, வாசலில் நின்ற வண்டியைத் தள்ளி வந்தார். பள்ளம் இருந்த இடத்தில் முன்சக்கரம் ஒருமுறை அமுங்கியது. லாரியில் ஏறப் போன ஆளை நிறுத்தி, அந்த இடத்தை இன்னொரு தடவை இடிக்க வைத்தார். வண்டி கடந்தது. வேப்பமரத்தடியில் போன் கரகரக்க ஆரம்பித்ததும் நின்று, எடுத்துக் காதில் வைத்தார்.

"இப்ப எழுதிக்க தாயி. மூடியாச்சு. மொதல்ல போயிச் சாப்புடு."

போன் மறுபடி இடுப்புக்குப் போனது, அணைக்காமலே. அத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு மரத்தைத் தாண்டினார். லைன் தானாகப் போனது.