மூன்றாம் நம்பர் கதவு மரியம்மாள்

மரியம்மாளிடம் வாய் கொடுக்க அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் கொஞ்சம் யோசனைதான். செவிலிமேட்டைத் தாண்டிப் போகிற சாலையில், ஐஸ்கிரீமும் வெண்ணெயும் பச்சைப் பட்டாணியும் அடுக்கி வைத்திருக்கும் குளிர் கிடங்கு அது. லாரிகள் பின்பக்கமாக வந்து ஒட்டுகிற இடத்தில் நான்கு கதவுகள். மூன்றாம் நம்பர் கதவு பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. லாரி ஒட்டியதும் ஷட்டரைத் தூக்கி, தரையோடு பதிந்திருக்கும் இரும்புத் தட்டைக் கிளப்பி அதன் நுனியை லாரிக்குள் இறக்குவாள். சரக்கு ஏறி முடிந்ததும் தட்டைப் பழையபடி தரையில் பதித்து ஷட்டரை இறக்குவாள். கதவு சும்மா திறந்து கிடந்தால் உள்ளிருக்கும் குளிர் வெளியே போகும், மெஷின் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் எகிறும். இதை அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் எடுத்தார்கள். சித்திரை வெயிலில் பில் தாறுமாறாக ஏறியதும் கம்பெனி ஓர் ஆடிட்காரரை அனுப்பியது. அவர் இரண்டு நாள் ஏசி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாம் கதவுப் பக்கம் குளிர் நிற்கவில்லை, கதவுக்காரர் மூடத் தாமதிக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கதவுப் பக்கம் அவர் எட்டிப் பார்த்தது மொத்தம் ஐந்து நிமிடம். மகராசன், அதற்குள்ளே எல்லாம் தெரிந்துவிட்டது அவருக்கு.

மேனேஜர் குமரகுரு ஒரு கடிதத்தை நீட்டினார். என் கவனக்குறைவால் இப்படி ஆனது, இனி நடக்காது என்று அச்சடித்திருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்து விழுந்தால் போதும், அடுத்த மாதப் பட்டியலில் பெயர் இருக்காது. நல்ல மனுஷர்தான் குமரகுரு, ஆனால் மேலிடம் என்றால் முதுகெலும்பை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர். சும்மா ஃபைலுக்குத்தான், சனிக்கிழமைக்குள் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

சும்மா போடுகிற கையெழுத்தைப் பற்றி மரியம்மாளுக்கு நன்றாகவே தெரியும். அவள் அப்பா வீராசாமி அப்படித்தான் ஒருமுறை சும்மா ரேகை வைத்தார். பண்ணையில் அவர் களத்தில் நின்றுகொண்டிருந்தபோது யாரோ காகிதத்தை நீட்டினார்கள். அடுத்த மாதம் அவர்கள் குடிசை நின்ற மனை வேறொருவருடையதாக இருந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. சட்டி பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் நடந்தது இன்றைக்கும் அவளுக்கு மறக்கவில்லை.

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். குளிர் எந்த வழியாகப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். போன ஆடியில் ஒரு லாரி இடித்ததில் தட்டின் இரண்டு பக்கமும் இருந்த ரப்பர் பிய்ந்துபோனது. அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொன்னாள். வாயால் சொன்னாள், எழுதிக் கொடுக்கவில்லை. அதுதான் அவள் செய்த ஒரே தப்பு. அந்தச் சூப்பர்வைசரும் வேலையை விட்டுப் போய்விட்டான், நாசமாய்ப் போனவன்.

கிடங்கு வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் சின்ன காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போய்ப் பாவு பிணைத்தவள். தறியில் முடிந்துபோன பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்கிற வேலை. அந்த வேலை நடக்கும் வீட்டில் எவ்வளவு புழுக்கமானாலும் ஃபேன் போட மாட்டார்கள், ஒற்றைப் பட்டிழை மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத காற்றையும் பட்டிழை காட்டிக் கொடுக்கும் என்று அவள் எந்தப் படிப்பும் படிக்காமல் தெரிந்துவைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை பழைய தறிக்கார வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி கழிவு நூல் வாங்கி வந்தாள். ஷட்டரை அடியோடு இறக்கிவிட்டு, லோடு ஏற்றும் பாண்டியனைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஷட்டரைச் சுற்றிலும் தட்டின் இரு ஓரத்திலும் சாண் நீளத்துக்கு இழைகளை டேப்பால் ஒட்டினாள். இன்னா அக்கா, கதவுக்குக் கல்யாணமா என்று பாண்டியன் சிரித்தான். போய் மேனேஜரைக் கூட்டிக்கினு வா என்றாள்.

குமரகுரு வந்தார். ஷட்டர் ஓரத்து இழைகள் அசையாமல் தொங்கின. தட்டின் ஓரத்து இழைகளோ ஒன்று விடாமல் இடுக்குக்குள் இழுபட்டு, தட்டுக்கு அடியில் வெளிப்பக்கம் திறந்திருக்கும் குழியைப் பார்த்துத் துடித்துக்கொண்டிருந்தன. அவர் குனிந்து விரலை வைத்தார். சில்லென்று இருந்தது. நான்காம் கதவுத் தட்டிலும் போய் ஓர் இழையை ஒட்டிப் பார்த்தார். அங்கே ரப்பர் இருந்தது, இழை தரையில் சும்மா கிடந்தது.

“கதவு மூடிக்கினுதான் இருக்குது சார். ராவும் பகலும் குளிரு இந்த ஓட்டையில போய்க்கினு இருக்குது. நான் இன்னாத்துக்கு கையெழுத்து போடணும்?”

ரப்பருக்கு இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் ஆடிட் ரிப்போர்ட் மேலே போய்விட்டது, அதற்கு ஒரு பதில் காகிதம் வேண்டும், கடிதத்தில் மட்டும் போட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கண்ணால் பார்த்த பிறகும் இப்படிக் கேட்கிறாரே என்று மரியம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அவள் கத்தவில்லை.

இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அச்சடித்த வரிகள் எல்லாவற்றையும் குறுக்கே அடித்தாள். அடியில், முதியோர் கல்வியில் கற்ற கோணல் எழுத்தில் நிதானமாக எழுதினாள்: ‘கதவை மூடினேன். தட்டு ஓரம் ரப்பர் இல்லை. போன ஆடியில் லாரி இடித்துப் பிய்ந்தது. அன்றைக்கே சொன்னேன். குளிர் அதில்தான் போகிறது.’ கீழே தன் பெயரைப் போட்டாள். பாண்டியனிடம் நீட்டினாள். அவன் ஒரு கணம் மேனேஜரின் முகத்தைப் பார்த்தான், பிறகு சாட்சி என்று எழுதித் தன் பெயரையும் போட்டான்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது. மரியம்மாள் நகரவில்லை. பேனாவைக் குமரகுருவின் பக்கம் திருப்பினாள்.

“பதில் காகிதம் கேட்டீங்களே சார், இந்தாங்க. வாங்கிக்கினேன்னு நீங்க ஒரு கையெழுத்து போடுங்க. அப்புறம் கதவு தொறக்கறேன்.”