சோபாவின் மறுமுனை

லிஃப்ட் மெக்கானிக் எதையும் லேசில் நம்ப மாட்டார். அதைக் குணம் என்று சொல்ல முடியாது, தொழில். மற்றவர்கள் நிம்மதியாக ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகப் பதினெட்டு வருஷமாக இவர் நிம்மதியில்லாமல் இருந்திருக்கிறார். கம்பி அறுந்தால் என்ன ஆகும், பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கெட்டதையே யோசித்துப் பழகி, வீட்டுக்குப் புது நாற்காலி வந்தால்கூட நாலு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சோதனைகளில் ஒன்றில் தேறாவிட்டாலும் போதும், லிஃப்ட்டின் கதவில் 'பழுது' என்று எழுதிய மஞ்சள் பலகையை மாட்டிவிடுவார். கட்டடத்துக்காரர் கெஞ்சினாலும் முறைத்தாலும் அது இறங்காது.

இவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். ஓயாத வாய் என்பதால் வீட்டில் சில்வண்டு என்று பெயர். பிறந்ததிலிருந்தே அவளுடைய இடது கை தனி ரகம். விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும், திற என்றால் உடனே திறக்காது. மூளையிலிருந்து போகும் சேதி அந்தக் கைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றார் டாக்டர். வலது கை சும்மா இருக்குமா, இரண்டு கைக்கும் சேர்த்து வால்தனம் செய்தது.

வாரம் ஒரு நாள் கைப்பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் அம்மாதான் முதலில் வீடியோ கேம் பேச்சை எடுத்தார். "விளையாடட்டும், நல்லதுதான். ஆனா பாத்து வாங்குங்க. முடியாததைக் குடுத்து வெறுக்க வச்சிடாதீங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மெக்கானிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கேம் கடையில் வாங்குவதற்கு முன் விளையாடிப் பார்க்க ஒரு திரை வைத்திருந்தார்கள். மெக்கானிக் சனிக்கிழமை தோறும் அங்கே போய், இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும் ஒவ்வொரு ஆட்டமாக ஆடிப் பார்ப்பார். முடிந்தால் சின்ன நோட்டில் ஒரு டிக். முடியாவிட்டால் 'பழுது'. கடைக்காரருக்கு இரக்கம் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போடுவார், தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டுவார். நாலாவது வாரம் மெக்கானிக்கின் செல்போன் நழுவியது. தன்னை மறந்து இடது கையால் அதைப் பிடித்துவிட்டார். கடைக்காரர் அந்தக் கையையே பார்த்தார்.

"சார், கை எப்ப வந்துச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

மெக்கானிக் அசடு வழிந்தபடி மகளின் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகும் நாற்காலி வந்தது, மூடியை மட்டும் அவரே திறந்துகொள்ள வேண்டியிருந்தது.

வீட்டிலும் இதே கூத்துதான். சோபாவில் உட்கார்ந்து, இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருப்பார். "பாத்திரம் கழுவணும்னா மட்டும் எங்கேதான் கை காணாமப் போகுமோ" என்பாள் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள் அவள். வாயைத் திறக்கத் தயங்குகிறவர்களையே நாள் முழுக்கப் பார்ப்பதாலோ என்னவோ, வீட்டில் தன் வாய்க்குத் தடை போட்டுக்கொள்வதில்லை.

இப்படிச் சலித்துச் சலித்து வீட்டுக்கு ஐந்து ஆட்டங்கள் வந்தன. குளத்தில் மீன் பிடிப்பது, ஓடு அடுக்குவது, தோட்டம் போடுவது, சீட்டு சேர்ப்பது, ரயிலுக்குத் தண்டவாளம் போடுவது. அத்தனையும் ஒரு கைக்குள் அடங்கும், எதற்கும் அவசரமில்லை. சில்வண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குப்பா" என்பாள். பத்து நிமிஷம் ஆடுவாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறவள் திரும்பி வர மாட்டாள். கேமில் நட்ட செடிகளுக்கு இப்போது தினமும் அவர்தான் தண்ணீர் ஊற்றினார்.

சில்வண்டுக்கு உலகத்திலேயே பெரிய ஆள் அவளுடைய அத்தை மகள். பதினோரு வயது. பள்ளிக்கூடத்தில் யாராவது சில்வண்டின் கையை உற்றுப் பார்த்தால், "என்ன, போட்டோ எடுத்துத் தரவா?" என்று கேட்கிறவள். பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள், அத்தைக்கு வேலை மாறியதில் விமானத்தில் போகும் தொலைவுக்குக் குடிபோகப் போகிறார்கள். சில்வண்டு விஷயத்தைக் கேட்டு அழவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வீடே யாரோ காலி செய்தது மாதிரி ஆகிவிட்டது.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே டிவிக்கு மட்டும் வழி விட்டிருந்த அத்தை வீட்டில், அத்தை மகளான பெரியவள் ஒரு திட்டம் சொன்னாள். "மாமா, இந்த கேம் பாருங்க. ரெண்டு பேரும் வேற வேற ஊர்ல இருந்தாலும் சேர்ந்தே ஆடலாம். ஞாயித்துக்கிழமை ஆனா நானும் இவளும் ஆடிக்கிட்டே பேசிக்குவோம்."

வீடு மாற்றும் ஆட்டம் அது. ஒரு சோபாவின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி, மாடிப்படி, சந்து, பால்கனி வழியாக லாரிக்குக் கொண்டுபோக வேண்டும். வலது கட்டைவிரலால் ஆளை நடத்த வேண்டும். இடது விரலால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் பிடி நிற்கும். விட்டால் சோபா விழும்.

மெக்கானிக் அதை ஏற்கெனவே கடையில் பார்த்திருந்தார். நோட்டில் 'பழுது' என்று இருந்தது. "இது வேணாம்மா. இவளுக்கு ஒத்து வராது. ரெண்டு கை வேணும்" என்றார்.

பெரியவள் டிவியை அணைத்தாள். சில்வண்டு தன் செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

தங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் ஏறியபோது அவளுடைய வலது கையில் பை இருந்தது. மூடிய இடது கையால் ஐந்தாம் மாடிப் பட்டனைக் குத்தினாள். எப்போதும் அப்படித்தான் குத்துவாள்.

"அந்த கேம்ல இடது கைக்கு என்னப்பா வேலை?" என்று கேட்டாள்.

"ஒரு பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்டா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"என் கைக்கு அதுதானேப்பா தெரியும்? காலைல போர்வையைப் பிடிச்சிட்டிருந்தா அம்மா வந்து ஒவ்வொரு விரலா எடுக்கறாங்கல்ல? பிடிக்கிறது சுலபம். விடறதுதான் லேட்டாகும்."

மெக்கானிக் மாடி எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பாக்கெட்டுக்குள்ள கையை வச்சுக்கிட்டு ஆடிப் பாத்தீங்க. என் கை பாக்கெட்டுக்குள்ள இல்லையேப்பா. வெளியதான் இருக்கு. நீங்கதான் அதுல உங்க மஞ்சள் போர்டை மாட்டிட்டீங்க."

ஐந்தாம் மாடி வந்து கதவு திறந்தது. அவள் போய்விட்டாள். கதவு மூடி, கீழ்த்தளத்தில் யாரோ பட்டனை அழுத்த, லிஃப்ட் அவரைக் கீழே கொண்டுபோனது. ஏறிய பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், லிஃப்ட்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். "லிஃப்ட்ல இல்ல" என்றார் மெக்கானிக். கம்பி அறுந்துபோனதாக வைத்துக்கொண்டு லிஃப்ட்டைப் பார்க்கிற பழக்கத்தில், பெற்ற மகளின் கையையும் இல்லாததாகவே வைத்துக்கொண்டு நாலு மாசம் ஓட்டியிருக்கிறார். அவமானமாக இருந்தது.

மறுநாள் வேலைக்கிடங்கில் பழைய சாமான்களைக் கிளறினார். லிஃப்ட்டின் கூரைமேல் நின்று வேலை செய்யும்போது மெக்கானிக்குகள் கையில் ஒரு பட்டன் பெட்டி வைத்திருப்பார்கள். அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் லிஃப்ட் நகரும், விட்டால் நின்றுவிடும். தினமும் இதைப் பிடித்துக்கொண்டே நின்றவருக்கு அந்த ஆட்டத்தின் பட்டனும் இதே ஜாதி என்று தோன்றாமல் போய்விட்டது. கழித்துப் போட்ட ஒரு பெட்டியை மேலதிகாரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கேம் கடைக்காரர், வெளியிலிருந்து எந்த சுவிட்சையும் சொருகிக்கொள்ளத் துளைகள் உள்ள ஒரு கண்ட்ரோலரை வரவழைத்துக் கொடுத்தார். மெக்கானிக் சைக்கிள் கைப்பிடி ஒன்றைத் துளைத்து, அதற்குள் அந்தப் பெட்டியின் பட்டனை வைத்து, ஒயரை இழுத்துச் சொருகினார். முதலில் வைத்த ஸ்பிரிங் முரடு. சில்வண்டு பிடித்துப் பார்த்து, "பழுது" என்று தீர்ப்புச் சொன்னாள். இரண்டாவதில் பிடி நின்றது, ஆனால் வியர்வையில் வழுக்கியது. "பழுது." மூன்றாவதில் ரப்பரைத் தடிமனாகச் சுற்றி, மணிக்கட்டுக்கு ஒரு பட்டை வைத்தார். அவள் கை அதன்மேல் மூடிக்கொண்டது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. திரையில் சோபாவின் ஒரு முனை தரையைத் தொடவே இல்லை.

"நீங்க சோதிக்க வேணாம்ப்பா" என்றாள். "இது என் வேலை."

அத்தை குடும்பம் போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம், சில்வண்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிவி முன் சம்மணமிட்டாள். ஸ்பீக்கரிலும் சத்தம் வரும்படி வைக்கச் சொல்லிவிட்டு மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். ஆட்டம் ஒத்து வராமல் போனால் அந்தப் பிள்ளைக்கு இனி ஞாயிற்றுக்கிழமையே இல்லை என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு தடவை சோபா லாரிக்குப் போகவில்லை. கீழே வைக்க வேண்டிய இடத்தில் சில்வண்டின் கை திறக்கவில்லை. சுவரில் இடித்தார்கள், பூந்தொட்டியை உடைத்தார்கள்.

"விடுடி" என்றாள் பெரியவள்.

"விடறேன். நேரமாகும். எண்ணு."

பெரியவள் எண்ணினாள். ஏழில் கை திறந்தது. அதற்கப்புறம் விட வேண்டிய இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பெரியவள் எண்ணத் தொடங்கிவிடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மெக்கானிக்குக் கண் கலங்கியது. மனைவி அதைப் பார்த்தும் பாராத மாதிரி ஒரே துண்டை மூன்றாவது முறையாக மடித்தாள்.

பால்கனி வந்தது. சோபாவைக் கம்பிக்கு மேலே தூக்கித் தாண்டும்போது பெரியவளின் விரல் சறுக்கிவிட்டது. அவளுடைய முனை சரிந்து அந்தரத்தில் தொங்கியது.

"அய்யோ, நான் விட்டுட்டேன். விழப்போகுது."

"விழாது" என்றாள் சில்வண்டு. குரலில் பதற்றமே இல்லை. "நீ படியில இறங்கி கீழ வந்து பிடி, மெதுவா வாக்கா. நான் பிடிச்சிட்டிருக்கேன்."

பெரியவள் படியிறங்கி, வழி தப்பி, திரும்பி வந்து சேர ஒரு முழு நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அந்த இடது கை சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தது. சோபா அசையவில்லை.

மெக்கானிக் கீழே குனிந்து பார்த்தார். தன் இடது கை பழக்கதோஷத்தில் மறுபடி பாக்கெட்டுக்குள் போயிருந்தது. அதை வெளியே எடுத்து, போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.