தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

வீட்டு வேலையில் ஆணுக்கும் சரிபாதி உண்டு என்று கல்லூரியில் பேசிக் கைதட்டல் வாங்குகிற நான், மனைவியின் பாவாடையைக் கொடியில் போடும்போது ஆள் வரும் சத்தம் கேட்டு ஓடி ஒளிந்தவன்.

அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பளு தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், துவைப்பதும் காயப்போடுவதும் என் பொறுப்பு. அதற்கு உச்சிவெயிலைத் தேர்ந்தெடுத்திருந்தேன். எங்கள் காளவாசல் பகுதியில் புத்தியுள்ள எவரும் அந்த நேரத்தில் மொட்டைமாடிக்கு வரமாட்டார்கள்.

அன்று கீழ்வீட்டு அக்கா கூழ்வற்றலைத் திருப்பிப்போட வந்துவிட்டார். வாளியை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாய்ந்தேன். முதுகில் சுவர் கொதித்தது. படிக்கட்டோ அக்காவுக்கு அந்தப் பக்கம்.

அக்கா மாடியேறுவதைப் பார்த்துவிட்டு என்னைக் காப்பாற்றத்தான் போலும், வயிற்றைப் பிடித்தபடி மனைவியும் ஏறிவந்தாள்.

"ஏம்மா, தையல் போட்ட வயித்தோட இன்னைக்கு நீயா இம்புட்டுத் துணியவும் தூக்கியாந்த?" என்றார் அக்கா.

தொட்டியோரம் நீட்டிக்கொண்டிருந்த என் வேட்டி நுனியை அவள் பார்த்தாள். "ஆமாக்கா, நாந்தேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வாளியைத் தூக்கினாள்.

அப்போதும் நான் உடனே வெளியே வரவில்லை. அக்கா போய்விடுவாரா என்றுதான் முதலில் பார்த்தேன். என் கௌரவத்தைச் சுமப்பதும் அவள் வீட்டு வேலைகளில் ஒன்றாக இருந்திருக்கிறது. அவள் வலியில் முனகிய பிறகே ஓடிவந்து வாளியைப் பிடுங்கினேன்.

அக்கா ஆச்சரியப்படவே இல்லை. வற்றலைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

"தம்பி, தெனமும் நீங்கதேன் காயப்போடுறீகன்னு தெருவுக்கே தெரியும். அம்புட்டும் சுருக்கம். உதறிப் போடுங்க."