உரிமத்தின் பின்பக்கம்

ஆய்வாளர் பட்டறைக்குள் நுழைந்தபோது எபினேசருக்குப் பயமே இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கடைசித் தெருவில், பெரிய ஆலைகளுக்கு இரும்புப் பின், புஷ் போன்ற உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சின்ன லேத் பட்டறை அவனுடையது. இ.எஸ்.ஐ., விற்பனை வரி எதையும் அவன் தள்ளிப்போட்டதில்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம் என்றிருந்தான்.

"ஃபாக்டரி லைசன்ஸ் எங்க?" என்று கேட்டார் ஆய்வாளர்.

எபினேசர் சுவரைக் காட்டினான். இயேசு படத்துக்குப் பக்கத்தில், தேக்கு நிறச் சட்டத்துக்குள், அதே உயரத்தில் தொங்கியது உரிமம். கண்ணாடியின் நான்கு மூலையிலும் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்திருந்தது. முதலாளி கிறிஸ்தவர் என்றாலும் மெஷின்களுக்குப் பொட்டு வைக்காமல் ஆட்கள் விடமாட்டார்கள். வைக்கும்போது உரிமத்துக்கும் சேர்த்து வைத்துவிடுவார்கள்.

"பின்னாடி காட்டுங்க."

"பின்னாடி அட்டை சார்."

"அட்டைக்கு முன்னாடி, பேப்பருக்குப் பின்னாடி."

லேத் ஓட்டும் மூத்த டர்னர் சின்னராசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், அத்த அட்டையோட ஒட்டிட்டாங்க சார். மைதா பசை. மொதலாளி சம்சாரம், எங்க அண்ணி, பிரேம் போட்டப்பவே சுருங்காம இருக்கட்டும்னு..."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு வருஷமும் ரெனியூவல் பண்ணி பின்னாடிதான் சீல் போடுவோம். இவ்ளோ வருஷமா எப்படிப் போட்டாங்க?"

எபினேசர் இரும்பு பீரோவைத் திறந்து சலான்களை எடுத்து வந்தான். ஒவ்வோர் அக்டோபரிலும் வங்கியில் கட்டணம் கட்டிய சலான்கள், ஒன்றுகூடக் கசங்காமல்.

"பணம் கட்டிருக்கீங்க. சரி. விண்ணப்பம் குடுத்தீங்களா? ஒரிஜினல் லைசன்ஸ வச்சுக் குடுக்கணுமே?"

"சலான் கட்டினா... அதான் ரெனியூவல்னு..."

"யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. முதல் வருடம் கட்டணம் கட்டச் சொன்னார்கள், கட்டினான். அடுத்த வருடம் அதையே செய்தான். அவ்வளவுதான்.

"அப்ப 2003-ல இத குடுத்ததுக்கு அப்புறம் உங்க கம்பெனிக்கு லைசன்ஸே இல்ல. ஒரிஜினல எடுத்துக்கினு திருவள்ளூர் ஆபீசுக்கு வாங்க. அதுவரைக்கும் ஓட்டாதீங்க."

அவர் போனதும் எபினேசர் மெயின் ஸ்விட்சை அணைத்தான். மோட்டார்கள் ஒவ்வொன்றாக இறங்கி ஓய்ந்தன. ஆட்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

அவன் அப்பா ஜோசப்பும் அம்மா பூவம்மாளும் மீஞ்சூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். ரேஷன் கார்டைத் தவிர, அந்த வீட்டுக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு தாள் வந்ததில்லை. எபினேசர்தான் முதலில் டிப்ளமா முடித்தான். பட்டறையில் பத்தாவது ஆள் சேர்ந்தபோது சட்டப்படி உரிமம் எடுக்க வேண்டியதாயிற்று. தாள் கைக்கு வந்த அன்றே அவன் மனைவி மோனிகா அதைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோனாள். புருஷன் பெயரும் மாமனார் பெயரும் அச்சில் இருந்த தாள் அது. அதைப் பீரோவுக்குள் பூட்டிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அவளே இட்லிக் குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சட்டத்திலிருந்து கழற்றிய அட்டையை ஆவிக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா, மோனிகா. கிழிஞ்சிடப் போவுது."

"நீ கை வெக்காத. நானே எடுக்கறேன்."

ஓர் ஓரம் எழும்பியது. கத்தியின் மழுங்கிய பக்கத்தால் நெம்பி நெம்பி அவள் தாளை உரித்தெடுத்தாள். பின்பக்கம் முழுக்கக் கட்டங்கள். வருடம், தேதி, அதிகாரி கையெழுத்து. எல்லாம் காலி. கட்டங்களுக்குக் கீழே, பசை படிந்த இடத்தில், சுத்தமான தமிழில் அச்சிட்டிருந்தது: புதுப்பிக்க, இவ்வுரிமத்தை விண்ணப்பத்துடன் இணைத்து ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும்.

மோனிகா அதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான ஒட்டச் சொன்னேன்" என்றாள்.

எபினேசருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஒட்டுவதற்கு முன் அந்தத் தாள் ஒரு பகல் முழுக்க அவன் கையில் இருந்தது. பெயரை எத்தனையோ முறை படித்தான். ஏன் திருப்பவில்லை? சலான் கட்டியபின் என்ன செய்ய வேண்டும் என்று ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டால் 'இதுகூடத் தெரியாதா, படிச்சவன்தானே' என்பார்கள் என்ற பயமா? அப்படியானால் படித்தது எதற்கு?

மறுநாள் பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் திருவள்ளூர் போனான். அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் வீரராகவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இதுக்கு இன்னாத்துக்கு நைனா பேஜாராவுற? இத்தன வருஷமும் கம்பெனி மூடிக் கெடந்துச்சு, இப்பதான் தொறக்கப் போறேன்னு எழுதிக் குடு. புது லைசன்ஸ் வாங்கிக்கலாம். கேஸு கீஸு ஒண்ணும் வராது."

"மூடிக் கெடந்துச்சா?"

"பேப்பர்லதான?"

அந்த வருடங்களில்தான் இரண்டாவது லேத் வந்தது. சின்னராசுவின் விரல் நசுங்கி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தையல் போட்டார்கள். மாதம் தவறாமல் வரி கட்டியிருக்கிறான்.

"வரி ஆபீசுக்கு ஓடின கம்பெனி, இந்த ஆபீசுக்கு மட்டும் ஓடலையா சார்?"

"எந்த ஆபீசுக்காரன் இன்னொரு ஆபீசுல போயி பாக்குறான்? ஓடுச்சுன்னு எழுதினா நீயே குத்தத்த ஒத்துக்கினாப்ல. அப்பறம் என்ன வந்து கேக்காத."

எபினேசர் ஒரு வெள்ளைத்தாள் மட்டும் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தான். பட்டறை எல்லா வருடமும் ஓடியது, கட்டணம் கட்டினேன், விண்ணப்பம் தர வேண்டும் என்று அறியாமல் விட்டது என் தவறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டான்.

ஆய்வாளர் நிதானமாகப் படித்தார். "வாசல்ல வேற மாதிரி எழுதச் சொல்லலையா?"

"சொன்னாங்க சார்."

"எழுதியிருந்தா, ஓடுறத நேத்து கண்ணால பாத்த நான் இதக் கிழிச்சுப் போட்டிருப்பேன்." தாளை மேசையில் வைத்தார். "எல்லா வருஷத்துக்கும் சேத்து விண்ணப்பம் குடுங்க, தாமதக் கட்டணத்தோட வாங்கிக்கிறேன். லைசன்ஸ் இல்லாம ஓட்டினதுக்குக் கேஸ் வரும். கோர்ட்ல நின்னு அபராதம் கட்டணும். பட்டறைய மூடச் சொல்லமாட்டேன், இன்னிலேர்ந்தே ஓட்டிக்கலாம்."

கோர்ட். அவர்கள் வீட்டிலிருந்து யாரும் ஏறாத இடம். டிப்ளமா படித்தவன் முதல் ஆளாக ஏறப்போகிறான். எபினேசர் வெளியே வந்து வேப்பமரத்தில் சாய்ந்தபடி பட்டறைக்குப் போன் போட்டான்.

"அண்ணே, இன்னா ஆச்சு?" சின்னராசுதான் எடுத்தான்.

"கேஸு போடுவாங்களாம்டா. கோர்ட்டுக்குப் போவணும்."

"அது கெடக்கட்டும். நான் வேணா கூட வரேன், வெள்ளச் சட்ட போட்டுக்கினு. மெஷின் போடலாமா கூடாதா, அத்த சொல்லு. எல்லாம் சும்மா குந்திக்கினு கீறோம்."

"போடு."

போனை வைக்க மறந்துவிட்டுச் சின்னராசு ஓடியிருக்க வேண்டும். ஸ்விட்ச் தட்டும் சத்தமும், முதல் மோட்டார் முனகி எழும் சத்தமும் கேட்டன. எபினேசர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.